ட்ரையல்காரர் வாங்கிய விளையாட்டு

வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறவர்கள் அந்த ஊரில் நிறையப் பேர் உண்டு. ட்ரையல்காரர் என்றால் இவர் ஒருவர்தான். பம்பை மாற்றினோம், பெல்ட்டைப் பூட்டினோம், கையைத் துடைத்தோம், கிளம்பினோம் என்கிற பேச்சே இவரிடம் கிடையாது. துணி எதுவும் போடாமல் வெறும் தண்ணீரோடு மெஷினை முழுசாக ஒரு சுற்று ஓடவிடுவார். அது நீரை இழுத்து, உருட்டி, வடித்து, கடைசியில் கிறுகிறுவென்று சுற்றி நிற்கிறவரை பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். வீட்டுக்காரர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். "அண்ணே, அதான் நல்லா ஓடுதே, நீங்க கிளம்புங்க" என்று நாசூக்காகச் சொல்லிப் பார்ப்பார்கள். "ட்ரையல் பாக்காம கைய விட மாட்டேங்க" என்பார். அதற்குமேல் அவரை அங்கிருந்து நகர்த்த யாராலும் முடியாது.

அவர் மனைவி ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறவள். நாளெல்லாம் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியும் வாயில் கிண்டல் குறையாத பெண். "என்னை ஒருத்தியைத்தான் ட்ரையல் பாக்காம கூட்டிட்டு வந்துட்டாரு. அந்தக் குறை அவருக்கு இன்னும் இருக்கு" என்பாள். அவர் சிரிக்கவும் மாட்டார், மறுக்கவும் மாட்டார்.

அவர்களுக்கு ஒரே மகள். கட்டட வரைபடம் போடுகிற கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து, ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் போக வேண்டிய தூரத்தில் இருக்கிறாள். வீட்டில் எங்கே திரும்பினாலும் பழைய மோட்டார், பழைய டிரம், ரப்பர் வளையம் என்று கால் வைக்க இடமிருக்காது. மகள் அறையில் மட்டும் ஒரு ஆணி கூட வைக்க மாட்டார். வாசலோடு எல்லாம் நின்றுவிடும். ஏன் என்று மனைவி கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்த விஷயம் அது. மகள் திரும்பி வந்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அதை அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. வளர்ந்த பெண், சொந்தக் காலில் நிற்கிறாள், நாம் கூப்பிட்டு அவளுக்குப் பாரமாகிவிடக் கூடாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். ஃபோனில் பேசினால் "சாப்பிட்டியாம்மா?" என்பார். "சாப்பிட்டேன்பா" என்பாள். "சரி, அம்மாகிட்ட தர்றேன்." அத்தோடு முடிந்தது அப்பாவும் மகளும் பேசுகிற பேச்சு.

அப்படி இருக்கும்போதுதான் மகள் பஸ் படியில் தவறி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். அம்மா அலறியடித்துக்கொண்டு ஓடினாள். முதல் சில நாட்கள் கூட இருந்துவிட்டு, காப்பகத்தில் அதற்குமேல் லீவு தராததால் திரும்பி வந்துவிட்டாள். கட்டுப் போட்ட காலோடு மகள் வாடகை அறையில் கிடந்தாள். கூடத் தங்கியிருந்த பெண் வேலைக்குப் போகிறவள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் தன் வீட்டுக்குப் போய்விடுவாள்.

ஒரு நாள் மகள் வழக்கத்துக்கு மாறாக அப்பாவையே கூப்பிட்டாள்.

"அப்பா, நான் விட்டுட்டு வந்த கேம் மெஷின் டிவிக்குக் கீழ இருக்கா?"

"இருக்கும்மா. தூசு தட்டித்தான் வெச்சிருக்கேன். அப்பப்போ போட்டுப் பாப்பேன்."

"விளையாடறீங்களா?"

"சேச்சே. ஓடுதான்னு பாக்கறதுதான்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அவருக்குத் தோன்றியது. "ஒரு கேம் இருக்குப்பா. வீடு மாத்தற மாதிரி. ரெண்டு பேர் சேர்ந்து சாமானெல்லாம் தூக்கி லாரியில ஏத்தணும். சோபாவுக்கு ஒரு பக்கம் நீங்க, ஒரு பக்கம் நான். எங்கிட்ட இங்க வேற மெஷினும் இந்த கேமும் இருக்கு, நீங்களும் கேம் ஒண்ணு வாங்கிப் போட்டீங்கன்னா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீங்க அங்கேர்ந்து நான் இங்கேர்ந்து விளையாடலாம். எனக்குப் பொழுதே போகலப்பா. எங்க வாங்கணும்னு லிங்க் அனுப்பறேன்."

அவருக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியாதவர்களுக்குக் கை ஒரு வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். சோபாவைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது பேச்சோடு பேச்சாக, "ஏம்மா, இங்கேயே ஒரு வேலை பாத்துக்கக் கூடாதா?" என்று கேட்டுவிடலாம். யார் யார் வீட்டுக் குளியலறையிலோ ஸ்டூலில் உட்கார்ந்து, ஓடுகிற மெஷினுக்கு முன்னால் அந்த ஒரு வரியை விதவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

அன்றைக்கே பணம் கட்டினார். சொன்ன நாளுக்குப் பிறகு ஒரு வாரம் கழித்துப் பொட்டலம் வந்தது. பிரித்து, சிடி மாதிரி இருந்த விளையாட்டுத் தட்டை மெஷினில் போட்டால், போட்ட வேகத்தில் துப்பிவிட்டது. விஷயம் என்னவென்றால் கடைக்காரன் புது மாடலுக்கான தட்டை அனுப்பியிருக்கிறான். இவரிடம் இருப்பது பழைய மாடல். ஆர்டரில் பழையது என்றுதான் போட்டிருந்தது, இவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் அழுத்தியிருந்தார்.

திருப்பி அனுப்புவது என்று ஆரம்பித்தார். அங்கே பிடித்தது சனி. பெட்டியைப் படம் எடுத்து அனுப்பு என்றார்கள், அனுப்பினார். உள்ளே இருப்பதைப் படம் எடு என்றார்கள், எடுத்தார். பெட்டியும் தட்டும் சேர்ந்து இருக்கிற மாதிரி ஒரு படம் என்றார்கள். இன்னும் கொஞ்சம் விட்டால் இவரையும் கூட நிற்கச் சொல்லியிருப்பார்கள். எடுத்துப் போக ஆள் வருவான் என்று சொன்ன நாளில் இரண்டு வீட்டு வேலையைத் தள்ளிப் போட்டுவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஃபோனில் செய்தி வந்தது: வந்தோம், வீடு பூட்டியிருந்தது. பூட்டிய வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி அதைப் படித்தார். இப்படிச் செய்தி அனுப்புகிறவனைக் கூப்பிட்டுக் கேட்க ஒரு நம்பர் கூடக் கிடையாது.

"விடுங்கப்பா" என்றாள் மகள். "நான் இங்கேர்ந்து ஒண்ணு வாங்கி அனுப்பிடறேன். ஒரு நிமிஷ வேலை."

"நீ எதுக்கும்மா வாங்கணும்? நான் ரிப்பேர் பண்ணின மெஷின் மறுநாள் நின்னா நான் போய் நிக்கறனா இல்லியா? அவனும் நிக்கட்டும். இப்படி எல்லாரும் விட்டுக் கொடுக்கறதாலதான் அவனுக்குக் குளிர் விட்டுப் போச்சு."

"சரிப்பா" என்றாள். அந்தச் சரியில் இருந்த களைப்பை அவர் கவனிக்கவில்லை. கவனிக்கிற நிலையில் அவர் இல்லை. பிடித்தால் விடாத மனிதருக்குச் சண்டை ஒன்று கிடைத்துவிட்டது.

ஒருவழியாகத் தப்பாக வந்த தட்டு போய்ப் புதுப் பொட்டலம் வந்தது. ஆட்டிப் பார்த்தால் சத்தமே இல்லை. உள்ளே தட்டு இல்லை, ஒரு அட்டைதான் இருந்தது. அதில் வெள்ளிப் பூச்சைச் சுரண்டினால் எழுத்தும் எண்ணுமாக ஒரு ரகசியக் குறியீடு, கோடு என்பார்கள், இருக்கும், அதை மெஷினில் அடித்தால் விளையாட்டு தானாக இறங்கும் என்று கடையின் ஆன்லைன் சாட்டில் பதில் சொல்ல வந்த பெண் எழுதினாள். சூடு கண்ட மனிதர் இல்லையா, நம்பவில்லை. அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் சனிக்கிழமை வேலைக்குப் போய்விட்டார்.

வேலை ஒரு பல் டாக்டர் வீட்டில். கீழே கிளினிக், மாடியில் வீடு. வடிகுழாயில் அடைத்திருந்த சட்டைப் பொத்தானை எடுத்துவிட்டு, வழக்கம்போல மெஷினை வெறுமனே ஓடவிட்டார். ஸ்டூலில் உட்காரப் போகும்போது ஹாலில் டிவிக்குக் கீழே கண் போயிற்று. மகளுடையதைப் போலவே ஒரு கேம் மெஷின். அந்த வீட்டில் அதில் படம் பார்ப்பதோடு சரி, டாக்டரின் தம்பி எப்போதோ விட்டுவிட்டுப் போனது.

"டாக்டர், ஒரு உதவி. என்கிட்ட ஒரு கோடு இருக்கு. நல்லதா, டுபாக்கூரான்னு தெரியல. இதுல போட்டு ஒரு ட்ரையல் பாத்துக்கவா?"

"தாராளமா பாருங்க" என்று டாக்டர் நோயாளியைப் பார்க்கக் கீழே இறங்கிவிட்டார். பல்லைத் தவிர எதுவும் தெரியாத மனிதர்.

இவர் சுரண்டினார். ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். "வெற்றிகரமாகச் சேர்க்கப்பட்டது" என்று திரையில் வந்தது. அப்பாடா, ஏமாற்றவில்லை என்று நிம்மதியாக அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டார். குளியலறையில் மெஷின் வடித்து முடித்திருந்தது. அன்று இரண்டு ட்ரையலும் நல்லபடியாக முடிந்த திருப்தியில் வீட்டுக்கு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் ஃபோனில் காத்திருக்க, அட்டையைப் பார்த்து வீட்டு மெஷினில் அடித்தார். இந்தக் கோடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது என்று வந்தது. திரும்ப அடித்தார். மூன்றாவது தடவை மனைவி படிக்க இவர் அடித்தார். அதே பதில்.

"யாரோ யூஸ் பண்ணின கோடை என் தலையில கட்டிட்டான்மா" என்றார்.

அவர் வேண்டுமென்றே மறைத்தார் என்று யாரும் நினைக்கக் கூடாது. டாக்டர் வீட்டு விஷயம் சொல்ல வேண்டிய ஒன்றாகவே அவருக்குப் படவில்லை. வாழ்நாள் முழுக்க எதை எதையோ ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஓட்டிப் பார்த்ததால் தீர்ந்துபோன பொருள் என்று ஒன்றை அவர் கண்டதே இல்லை. நேற்று நன்றாக இருந்தது இன்று இல்லை என்றால், நடுவில் கடைக்காரன்தான் ஏதோ தில்லுமுல்லு செய்திருக்க வேண்டும் என்று மனதார நம்பினார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் அந்தச் சண்டைக்கே போயின. சாட்டில் போனால் உங்களுக்கு முன்னால் பலர் காத்திருக்கிறார்கள் என்று வரும். இவரும் காத்திருப்பார். கடைசியில் யாராவது வந்து, "தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்" என்று அரைத்த மாவையே அரைப்பார்கள். கோடு பயன்படுத்தப்பட்டுவிட்டால் பணம் திரும்பாது, மாற்றும் கிடையாது என்பார்கள். நான் பயன்படுத்தவே இல்லையே என்று இவர் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதி முடிப்பதற்குள், பதில் இல்லாததால் உரையாடலை முடிக்கிறோம் என்று வந்துவிடும். மேலிடத்துக்குப் புகார் போட்டார். அது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

அப்படி ஒரு ஞாயிறு, மகள் ஃபோனில் இருந்தாள்.

"அப்பா, ஆபீஸ்ல எங்கிட்ட ஒண்ணு கேட்டிருக்காங்க. அதைப் பத்தி உங்ககிட்ட..."

"ஒரு நிமிஷம்மா, சாட்ல அந்தப் பொண்ணு வந்துடுச்சு. இப்ப விட்டா மறுபடியும் வரிசையில நிக்கணும். அப்புறம் கூப்பிடறேன்."

சாயங்காலம் கூப்பிட்டார். கூப்பிட்டு, அந்தப் பெண் என்ன சொன்னாள், இவர் என்ன கேட்டார், அதற்கு அவள் எப்படி நழுவினாள் என்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஒப்பித்தார். மகள் பொறுமையாக உம் கொட்டினாள். கடைசியில்தான் நினைவு வந்து, "நீ என்னமோ சொல்ல வந்தியே?" என்றார்.

"ஒண்ணுமில்லப்பா. ஆபீஸ் விஷயம்."

"ஓ. சரிம்மா."

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவ காலு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. மறுபடி கூப்பிட நினைத்தார். விளையாட்டு மட்டும் வந்துவிடட்டும், எல்லாவற்றையும் சேர்த்துப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

சில வாரம் கழித்துப் பல் டாக்டர் வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு, பெல்ட் தேய்ந்துவிட்டதாம். படியேறிப் போனால் ஹாலில் டாக்டரும் அவர் மனைவியும் சோபாவில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, ஆளுக்கொரு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். திரையில் இரண்டு குட்டி உருவங்கள் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு கதவில் இடித்துக்கொண்டிருந்தன. கீழே ஒரு லாரி நின்றது.

இவர் பையைக் கூடக் கீழே வைக்காமல் நின்றார்.

"வாங்க, வாங்க" என்றார் டாக்டரின் மனைவி. "நீங்க போட்டுக் குடுத்ததுதானே இது. நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசறதே நின்னு போயிருந்தது. இப்ப சாயங்காலம் ஆனா இதுதான். இவர் இவ்ளோ பேசுவாருன்னே எனக்குத் தெரியாது."

"இது எப்படிங்க இன்னும் இதுல இருக்கு?" என்று கேட்டார்.

"கோடை ஒரு மெஷின்ல போட்டா அது அந்த மெஷினுக்குத்தான் சொந்தம்னு என் தம்பி சொன்னான்" என்றார் டாக்டர். சொன்ன பிறகுதான் இவர் முகத்தைப் பார்த்தார். "அடடா, உங்களுக்கு வேற எங்கயாவது போட வேண்டியதா? அதுக்கு எவ்ளோ ஆச்சுன்னு சொல்லுங்க, குடுத்துடறேன்."

"இல்லைங்க டாக்டர். இருக்கட்டும்" என்று குளியலறைக்குப் போனார். பெல்ட்டை மாற்றினார். அன்றைக்கு மெஷின் ஓடி முடிகிறவரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவருக்கு ஹாலிலிருந்து அந்த இரண்டு பேரின் சிரிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. சாட்டில் வந்த அந்த முகம் தெரியாத பெண்ணைத் திருடி என்று மட்டும்தான் சொல்லவில்லை, மற்றதெல்லாம் எழுதியாகிவிட்டது. அவமானமாக இருந்தது. அதைவிட, வீணாய்ப்போன ஞாயிற்றுக்கிழமைகள் மனதைப் பிசைந்தன.

வீட்டுக்குப் போகிற வழியிலேயே ஃபோனை எடுத்து, "தப்பு என்னுது. மன்னிச்சிடும்மா" என்று சாட்டில் எழுதினார். உடனே பதில் வந்தது. தங்கள் கருத்துக்கு நன்றி, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தது. ஐந்தையும் கொடுத்தார்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஃபோனுக்குக் கண்ணாடி ஒட்டுகிற கடை ஒன்று உண்டு. அங்கே கேட்டுப் பார்த்தார். அந்த விளையாட்டின் பழைய மாடல் தட்டு, யாரோ விற்றுவிட்டுப் போனது, தூசு படிந்து அலமாரியில் இருந்தது. கடைக்காரன் ஊதித் துடைத்துக் கையில் கொடுத்தான். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். இதைச் சொன்னபோது மனைவி எதுவும் கிண்டல் செய்யவில்லை, அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த ஞாயிறு மத்தியானம் விளையாட்டு ஓடியது. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மகளுக்குக் கட்டு அவிழ்த்துவிட்டார்கள், நடக்கிறாள், ஆபீஸுக்கும் போக ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் வீட்டுக் கதையைச் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, ட்ரையல் பாக்கறேன்னு தானமே பண்ணிட்டீங்களே" என்றாள். இவரும் சிரித்தார். திரையில் அவருடைய குட்டி மனிதன் சுவரில் முட்டினான், படியில் உருண்டான், சோபாவைப் பிடிக்கச் சொன்னால் பூந்தொட்டியைப் பிடித்தான். "இடது பக்கம்பா. இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே சாய்ங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். கேட்க வேண்டியதைக் கேட்க இதுதான் நேரம் என்று அவர் தொண்டையைச் செருமினார்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் அவள். "அடுத்த மாசம் நான் வெளிநாட்டு ஆபீஸுக்குப் போறேன். மூணு வருஷம். கையெழுத்துப் போட்டாச்சு. அம்மாகிட்ட சாயங்காலம் சொல்றேன்."

அவருடைய விரல் பொத்தானில் அப்படியே நின்றது. "திடீர்னு என்னம்மா?"

"திடீர்னு இல்லப்பா. படுத்திருந்தப்பவே கேட்டாங்க. ரெண்டு இடம் சொன்னாங்க. ஒண்ணு இது. இன்னொண்ணு நம்ம ஊர்ல புதுசா திறக்கற ஆபீஸ்."

"நம்ம ஊர்லயா?"

"ஆமாம்பா. அந்த ரூம்ல தனியா கிடந்தப்போ நம்ம வீட்டுக்கே வந்துடலாம்னுதான் தோணிச்சு. ஆனா நான் கிளம்பி வந்தப்போ, போற இடத்துல நின்னு காட்டணும்னு சொல்லி அனுப்பினீங்க. காலு ஒடிஞ்ச உடனே ஓடி வந்துட்டாளேன்னு நீங்க நினைச்சிடுவீங்களோன்னு இருந்துச்சு. நேரா கேக்க ஒரு மாதிரியா இருந்துச்சுப்பா. விளையாடறப்போ மெதுவா கேக்கலாம்னு பாத்தேன். முடிவு சொல்ல அவங்க குடுத்த நாளும் ஓடிப்போச்சு."

நின்று காட்டணும் என்று சொன்னது அவருக்கு நினைவே இல்லை. தைரியத்துக்குச் சொல்லியிருப்பார், ரயில் கிளம்பும்போது வேறு எதுவும் சொல்ல வராமல் சொல்லியிருப்பார். இத்தனை வருஷம் அவள் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

"வந்துடுன்னு சொல்லியிருப்பேன்மா" என்றார். கண் கலங்கித் திரை தெரியவில்லை. "அதைத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன். இந்த விளையாட்டு வரட்டும், அப்ப கேக்கலாம்னு இருந்தேன்."

திரையில் அவளுடைய குட்டி உருவம் சோபாவின் தன் பக்கத்தைக் கீழே வைத்தது.

"ஞாயித்துக்கிழமையெல்லாம் நாம ஃபோன்லதானேப்பா பேசிட்டிருந்தோம்" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் கோபித்துக்கொண்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.